மூளை அழற்சியும் ஏழு லட்ச ரூபாய் ஊசியும்: மேற்குக் குமரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 58. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல வருடங்களாக உண்டு. உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும் மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிடுவார். பீடி நாளுக்கு ஒரு கட்டு. குடும்பத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பக்கவாதம் வந்த வீடுகளிலிருந்து இப்போது எங்களுக்கு வரும் கேள்விகளில் ஒன்று, "ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடுமாமே?" என்பது. ஸ்டெம் செல் என்பது வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய மூல அணு. இந்தக் குடும்பமும் கேட்டது. அதற்கு ஒரு வரியில் 'இல்லை' என்று சொல்லி அனுப்புவது நியாயமாக இருக்காது. அந்தக் கேள்விக்குள் உண்மையான அறிவியல் இருக்கிறது. அதை வைத்து நடக்கும் வியாபாரமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட இந்த நோயாளியின் கதை உதவும்.

வந்து சேர்ந்த விதம்

விடியற்காலை 4.45-க்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பியபோது நன்றாகத்தான் இருந்தார். 6.30 மணிக்குப் பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவர் பார்க்கும்போது மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். வலது கை தொங்குகிறது, கத்தி கீழே கிடக்கிறது, கூப்பிட்டால் முகத்தைப் பார்க்கிறார், பதில் மட்டும் வரவில்லை. "ஒரு பக்கம் விழுந்துட்டு" என்று வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். தெம்பு வரட்டும் என்று கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதி வாயோரமாக வழிந்தது, மீதியில் இருமினார்.

மரத்தில் மோதி வர்மம் கொண்டிருக்கும் என்று யாரோ சொல்ல, ஆட்டோ பிடித்து ஒரு வர்ம வைத்திய ஆசானிடம் போனார்கள். அவர் முகத்தையும் கையையும் பார்த்த உடனே, "இது வர்மம் இல்ல, ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்கிறேன். எண்ணெய் போட்டு உழிந்து இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பும் இடங்களும் உண்டு. அப்புறம் நாகர்கோவிலா, திருவனந்தபுரமா என்ற பேச்சு. மேற்குக் குமரியில் எந்தப் பெரிய நோய் வந்தாலும் வரும் குழப்பம் இது. அதில் அரைமணி நேரம் போயிற்று. எங்களிடம் வந்தபோது 10.20.

வலது முகம், வலது கை முற்றிலும் தளர்ச்சி. கால் சற்றுப் பரவாயில்லை. சொல்வது ஓரளவு புரிகிறது, பேச்சு இல்லை. பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். மதிப்பெண் 15 (கூடினால் நிலை மோசம்). இரத்த அழுத்தம் 196/104, சர்க்கரை 312. சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை; இடது முன்மூளையில் ஆரம்ப வீக்கம் தெரிந்தது. இரத்தக்குழாய்ப் படத்தில் இடது நடுமூளைத் தமனியின் மேல்கிளை அடைபட்டிருந்தது.

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை (ஆல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ்) வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தை, ஆளைக் கண்டெடுத்த நிமிடத்திலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நிமிடத்திலிருந்துதான் எண்ண வேண்டும். இவருக்கு அது 9.15-க்கே முடிந்துவிட்டது. கம்பி செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை பெரிய தமனியின் அடிப்பகுதி அடைபட்டவர்களுக்குத்தான் நன்றாகப் பயன்படுகிறது. இவருக்கு அடைப்பு கிளையில். அந்தப் பகுதி மூளையும் பெருமளவு சேதமாகியிருந்தது. படங்களைத் திருவனந்தபுரத்தில் உள்ள நரம்பியல் நிபுணர்களுக்கு அனுப்பிப் பேசிய பிறகே அது வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

பெரிய தமனி அடைபட்ட மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்கிட்டார்கள். இவருடைய அடைப்பு அதைவிடச் சிறியது. ஆனாலும் மரத்தடிக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவில் போன காலத்தை எந்த ஊசியாலும் திருப்ப முடியாது. பிறகு வரும் எல்லாம் மிச்சமிருப்பதைக் காப்பாற்றும் வேலை.

மூன்றாம் நாள்

முதல் இரண்டு நாள் பெரிய மாற்றமில்லை. மூன்றாம் நாள் காலை கூப்பிட்டால் கண் திறக்கத் தாமதமானது. என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். 18. மறுபடி எடுத்த ஸ்கேனில் வீக்கம் கூடி, மூளையின் நடுக்கோடு 4 மி.மீ. வலப்பக்கம் தள்ளியிருந்தது. புதிதாக அடைப்பும் இல்லை, கசிவும் இல்லை.

மனைவி கேட்டார்: "நேத்து நம்மள பாத்து சிரிச்சாரே சாரே, இன்னைக்கு என்ன ஆச்சு?"

அடைப்பு என்பது ஒரே ஒரு நிகழ்வு. அதற்கு மூளை காட்டும் எதிர்வினை, அதாவது அழற்சிதான், நாள்கணக்கில் நடக்கிறது. இரத்தம் கிடைக்காமல் சாகும் நரம்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்க வேண்டிய பொருள்களை வெளியே கொட்டுகின்றன. மூளையிலேயே குடியிருக்கும் காவல் அணுக்களான மைக்ரோக்ளியா அவற்றை ஆபத்துக் குறியாக எடுத்துக்கொண்டு, சில மணி நேரத்துக்குள் டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற சைட்டோகைன்களை (அணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களை) சுரக்கின்றன. இரத்தக்குழாயின் உள்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள், முதலில் நியூட்ரோஃபில்கள், அதில் பிடித்துக்கொண்டு மூளைக்குள் இறங்குகின்றன. முதல் மூன்று நாட்களில் அவற்றின் வரத்து உச்சத்தில் இருக்கும். இவை கொண்டுவரும் எம்.எம்.பி.-9 என்ற நொதி, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அரித்துவிடுகிறது. நீர் உள்ளே கசிகிறது. மண்டை ஓடு விரியாது. வீக்கம் பக்கத்தில் நன்றாக இருக்கும் மூளையைத்தான் அமுக்கும்.

சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே இதன் நிழல் விழுந்திருந்தது. சேர்ந்த அன்று நியூட்ரோஃபில் 78 சதவீதம், இன்னொரு வெள்ளணு வகையான லிம்ஃபோசைட் 16. மூன்றாம் நாள் 86-ம் 8-ம்.

தலையை 30 டிகிரி உயர்த்தி வைத்தோம், அடர் உப்புநீர் ஏற்றினோம், நினைவு இன்னும் மங்கினால் மண்டை ஓட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் அறுவை வேண்டியிருக்கலாம் என்று குடும்பத்திடம் சொல்லி வைத்தோம். அது தேவைப்படவில்லை. ஆறாம் நாளிலிருந்து வீக்கம் வடியத் தொடங்கியது.

இதற்கிடையே நாலாம் நாள் காய்ச்சல், 101.8. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. முதல் நாள் காலையில் புகட்டிய கட்டன் சாயாவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விழுங்கத் தெரியாத தொண்டையில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை ஊரெல்லாம் சொல்ல வேண்டும். நிமோனியாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூளை அடிபட்டதும் மன அழுத்த நரம்புகளும் ஹார்மோன்களும் வழியாக உடம்பின் மற்ற இடங்களில் எதிர்ப்புச் சக்தி குன்றிவிடுகிறது. லிம்ஃபோசைட் குறைந்ததும் அதன் அடையாளம்தான். தலைக்குள் எதிர்ப்பு அணுக்கள் அளவு மீறி வேலை செய்கின்றன. நுரையீரலிலோ ஆள் பற்றாக்குறை.

ஸ்டீராய்டு போட்டால் என்ன?

நோயாளியின் மருமகள் நர்ஸ். அவர் கேட்டது நல்ல கேள்வி: "சார், வீக்கமும் அழற்சியும்தான் பிரச்சினைன்னா மாமாவுக்கு டெக்ஸா போடக் கூடாதா?"

கூடாது. இரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தின் வீக்கத்துக்கு ஸ்டீராய்டை எந்த முக்கிய வழிகாட்டு நெறியும் பரிந்துரைக்கவில்லை. சர்க்கரையை ஏற்றும், ஏற்கெனவே குன்றிய எதிர்ப்புச் சக்தியை இன்னும் அமுக்கும். ஆனாலும் ஊர்ப்புறங்களில் பழக்கத்தால் இன்னும் போடுகிறார்கள். அந்தப் பழக்கம் போக வேண்டும்.

அழற்சியை அடக்குவது ஏன் இவ்வளவு சிக்கல் என்பதற்கு என்லிமோமாப் கதையைச் சொல்லலாம். வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்க எலியிலிருந்து செய்யப்பட்ட எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) அது. விலங்குகளில் இந்த உத்தி நன்றாக வேலை செய்தது. 625 நோயாளிகளிடம் சோதித்து 2001-ல் முடிவு வெளியானபோது, மருந்து பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். எலிப் புரதமே மனித உடம்பில் புது எதிர்வினையைக் கிளப்பியது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இன்னொரு காரணம் அடிப்படையானது. முதல் நாட்களில் கெடுக்கும் அதே அணுக்கள், வாரம் தாண்டினால் செத்த திசுவை அள்ளி அப்புறப்படுத்துகின்றன, புதுக் குழாய்கள் முளைக்கத் தூண்டுகின்றன. முன்பு தடுப்பை அரித்த எம்.எம்.பி.-9-ஐ இரண்டாம் வாரத்தில் அடக்கினால் எலிகளின் மூளை ஆறுவது கெட்டுப்போகிறது என்று 2006-லேயே காட்டினார்கள். ஆக அழற்சியை நிறுத்துவது குறிக்கோளாக இருக்க முடியாது. சரியான நாளில், சரியான அளவுக்குத் தணித்து, ஆற்றும் பக்கம் திருப்பிவிட வேண்டும். ஸ்டெம் செல்லைப் பற்றி அறிவியலாளர்களுக்கு ஆசை வந்தது இந்த இடத்தில்தான்.

துபாயிலிருந்து வந்த வீடியோ

பத்தாம் நாள், துபாயில் வேலை பார்க்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். வெளிமாநில நகரம் ஒன்றில் உள்ள மையம். சக்கர நாற்காலியில் வந்தவர் நடந்து போகிறார். மூன்று ஊசி, ஏழு லட்சம். பக்கவாதம் வந்து ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நகையை அடகு வைக்கவும், போதாததற்குப் பத்து சென்ட் நிலத்தை விற்கவும் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

மனைவி கேட்டது இது: "வெட்டின மரத்துல புதுப்பட்டை பிடிக்கும்லா, அதுபோல மூளையும் புதுசா பிடிக்குமா சாரே?"

அந்த விளம்பரம் சொல்லாமல் சொல்வதை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். பதில், இல்லை என்பதுதான். எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுத்து இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மீசென்கைமல் ஸ்டெம் செல்கள் மூளையில் போய் உட்கார்ந்து புது நரம்பணுவாக மாறிச் செத்ததை ஈடுகட்டுவதில்லை. கையில் ஏற்றும் அணுக்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்கிறது. மூளைக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம்.

அப்படியானால் எலிகளில் பலன் எப்படிக் கிடைத்தது? கிடைத்தது, அது உண்மைதான். அந்த அணுக்கள் சுரக்கும் பொருள்களும், அவை வெளியிடும் நுண்பைகளும் எதிர்ப்பு மண்டலத்தோடு பேசுகின்றன. முக்கியமான ஒரு இடம் மண்ணீரல். பக்கவாதம் வந்த எலிகளில் மண்ணீரல் சுருங்கி, அதிலிருந்த அணுக்களை இரத்தத்தில் விட்டுவிடுகிறது. அவற்றில் ஒரு பகுதி மூளைக்குள் போய் அழற்சியைக் கூட்டுகிறது. ஸ்டெம் செல் ஏற்றினால் மண்ணீரல் அவ்வளவு சுருங்குவதில்லை, தணிக்கும் சைட்டோகைனான இன்டர்லூகின்-10 கூடுகிறது. மண்ணீரலை முன்பே எடுத்துவிட்ட எலிகளில் ஊசியின் பலன் பெருமளவு காணாமல் போகிறது. மூளை நோய்க்குக் கொடுத்த சிகிச்சை வயிற்றில் வேலை செய்வது எனக்கு இன்றும் வியப்பைத் தரும் விஷயம்.

மருமகள் உடனே பிடித்துக்கொண்டார்: "அப்போ இது புது மூளை இல்ல சார், ஒரு வகையில் அழற்சியைத் தணிக்கிற மருந்து." மிகச் சரி. அப்படிப் பார்த்தால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: மனிதர்களிடம் வேலை செய்ததா?

மனிதர்களிடம் நடந்தது

நம் நாட்டிலேயே பெரிய சோதனை நடந்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் ஐந்து மையங்களில் 120 நோயாளிகள். பாதிப் பேருக்கு அவர்களுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே எடுத்த அணுக்கள், சராசரியாக 28 கோடி, இரத்தக்குழாய் வழியாகத் திருப்பி ஏற்றப்பட்டன. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2014-ல் முடிவு வெளியானது. பாதுகாப்பில் குறையில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை அளந்தபோது இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றன. அணுக்கள் ஏற்றப்பட்டது பக்கவாதம் வந்து பதினெட்டு நாள் அளவில். அழற்சியின் முதல் அலை அதற்குள் கடந்துபோயிருக்கும்.

அப்படியானால் முன்பே கொடுத்தால்? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த மாஸ்டர்ஸ் சோதனையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள், கொடையாளியின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த 120 கோடி அணுக்கள் வரை ஏற்றினார்கள். 2017-ல் வந்த முடிவு: குறித்து வைத்த முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் 36 மணி நேரத்துக்குள் பெற்றவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கொஞ்சம் மேலாகத் தெரிந்தது. முடிவைப் பார்த்த பிறகு பிரித்துப் பார்க்கும் கணக்கு எப்போதும் ஆசை காட்டும். அதனால் ஜப்பானில் ட்ரெஷர் என்ற சோதனையில் 206 பேரிடம், 18 முதல் 36 மணி நேரத்துக்குள் கொடுத்து நேர்மையாகச் சோதித்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. முதன்மை இலக்கு அதிலும் எட்டப்படவில்லை.

இந்த ஆய்வுகளை வீண் என்று நான் நினைக்கவில்லை. ஆய்வகத்து எலி இளமையானது, சர்க்கரை இல்லாதது. அடைப்பு எந்த நிமிடம் வந்தது என்பது ஆய்வாளருக்குத் தெரியும். என் நோயாளிக்கு 58 வயது, சர்க்கரை 312, பல வருடப் பீடி. இந்த இடைவெளியைக் கடக்கப் பொறுமையான சோதனைகள் தொடர வேண்டும். அணுக்களுக்குப் பதில் அவை விடும் நுண்பைகளை மட்டும் கொடுத்துப் பார்க்கும் வேலையும் நடக்கிறது. ஆனால் இன்றைய தேதியில் பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை.

அந்த மையம் சொன்ன ஆறு வாரத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். இந்த ஊசி முதல் நாட்களின் அழற்சியைத் தணிக்கும் என்பதுதான் நான் மேலே சொன்ன ஆய்வுகளின் நம்பிக்கை. ஆறு வாரம் கழித்துப் போடும் ஊசிக்கு அந்த நம்பிக்கைகூட ஆதாரமாக நிற்காது.

ஆபத்தும் உண்டு. 2016-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று போய் முதுகுத்தண்டு நீரில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டவர். பிறகு முதுகுத்தண்டில் ஒரு வளர்ச்சி உண்டாகி, கால்கள் செயலிழக்கத் தொடங்கின. அந்த வளர்ச்சியின் மரபணுவைச் சோதித்தபோது பெரும்பகுதி அவருடையதாக இல்லை. ஊசியில் வந்த வேறொருவரின் அணுக்கள்.

மகனிடம் வீடியோ அழைப்பில் பேசினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. "மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழு எது, ஆய்வு என்றால் எதற்குப் பணம் என்று கேளுங்க தம்பி. பணம் வாங்காத, பதிவான ஆய்வு ஒன்று திறந்திருந்தால் நானே உங்களுக்குச் சொல்வேன்" என்றேன். அவர் கேட்டார். பதிவு எண் வரவில்லை. "இந்த மாதத்துக்குள் வந்தால் ஐம்பதாயிரம் தள்ளுபடி" என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் செய்தது

வாயில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பார்க்கும் விழுங்கல் சோதனையைச் சேர்ந்த அன்றே நர்ஸ் செய்தார். நோயாளி குரல் ஈரமாக மாறி இருமினார், உடனே மூக்குக் குழாய் போட்டோம். ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் அதன் வழியாகவே. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை 140-க்கும் 180-க்கும் நடுவில் வைத்தோம். காய்ச்சல் ஏறியதும் பாராசிட்டமால், நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக். இரத்த அழுத்தத்தை முதல் நாளே அவசரமாக இறக்கவில்லை. கரைக்கும் ஊசி போடாதவருக்கு 220/120-ஐத் தாண்டாதவரை பொறுப்பதுதான் முறை.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் இந்த மூன்றையும் நர்ஸ்கள் ஒரு முறைப்படி கவனித்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். 2011-ல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்து இருந்தவர்கள் வழக்கமான பிரிவுகளில் 58 சதவீதம். முறைப்படி கவனித்த பிரிவுகளில் 42. காய்ச்சலும் ஏறிய சர்க்கரையும் அடிபட்ட மூளையின் சேதத்தைக் கூட்டும் என்பதால் இதுவும் அழற்சியோடு மோதும் சிகிச்சைதான். தெர்மாமீட்டரும் குளுக்கோமீட்டரும் ஒரு ஸ்பூனும் நம் மாவட்டத்தில் எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் இருக்கின்றன.

ஐந்தாம் நாளிலிருந்து பிசியோதெரபி. மனைவிக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, வலது கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது. தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதில் நழுவும். இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், படுக்கையில் கைக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். அவர் இரண்டு நாளில் எங்கள் உதவியாளர்களைவிடச் சுத்தமாகச் செய்யத் தொடங்கிவிட்டார்.

ஏழு லட்சம் செலவாகவில்லை. நிலமும் நிற்கிறது. மகன் மாதாமாதம் அனுப்பும் பணத்தில், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கும் வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சிக்கும் கொடுக்கிறார்கள்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் மூன்று கால் ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் தானாக நடக்கிறார். ஊனத்தின் அளவைச் சொல்லும் ராங்கின் அளவில் 3, அதாவது சில வேலைகளுக்கு உதவி வேண்டும், ஆனால் தானே நடக்கிறார். பேச்சில் ஒற்றைச் சொற்களும் சில சிறு வாக்கியங்களும் வருகின்றன. பேரன் பெயரைத் தடங்கலில்லாமல் சொல்கிறார், பணக் கணக்கு சொல்லும்போது திணறுகிறார். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 9.4-லிருந்து 7.1. பீடி நின்றுவிட்டது. வலது கை தோள் மட்டம் வரை உயர்கிறது, விரல்கள் இன்னும் கத்தியைப் பிடிக்கும் அளவுக்கு மடங்கவில்லை. இப்போது அவருக்குப் பெரிய தொல்லை தோள் வலி. அதற்கான பயிற்சியை மாற்றிக் கொடுத்து ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறோம்.